கதவு எந்தப் பக்கம் திறக்கிறது

திருச்சியில் வேலை பார்த்தபோது என் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று இருந்தது. 2018-இல் சிகாகோவில் ஒரு ஆபீஸில் சேர்ந்தேன். அங்கே கொடுத்த கார்டில் ‘டிசைனர்’ என்று போட்டிருந்தார்கள். மன்னார்குடியில் இருக்கும் அப்பாவுக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். “அஞ்சு வருஷம் படிச்சு, அங்க போயி இன்னும் ரெண்டு வருஷம் படிச்சு, இப்ப பதவி எறங்கிப் போச்சா பாப்பா?” என்று கேட்டார்.

பதவி இறங்கவில்லை, சட்டம் வேறு. நம் ஊரில் 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஐந்து வருடம் பி.ஆர்க். முடித்துவிட்டு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்துகொண்டால் போதும். அதற்கென்று தனித் தேர்வு கிடையாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக லைசென்ஸ் கொடுக்கிறது. அந்த வழக்கத்தை 1897-இல் முதலில் ஆரம்பித்ததே நான் இருக்கும் இல்லினாய் மாநிலம்தான். படிப்பு, வேலை அனுபவம், தேர்வு மூன்றும் முடியும்வரை பெயருக்குப் பக்கத்தில் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. ஆபீஸில் எத்தனை வருடம் கட்டடங்களை வரைந்திருந்தாலும் இதே கதைதான்.

அனுபவம் என்றால் 3,740 மணி நேரம். அதை ஆறு பிரிவாகப் பிரித்துக் கணக்கு எழுதி, மேலே இருப்பவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். வரைபடம் தயாரிக்கும் மணி நேரம் தானாகச் சேர்ந்துவிடும். கட்டுமான இடத்துக்குப் போகும் மணி நேரம்தான் இழுத்தடிக்கும். என்னைச் சைட்டுக்கு அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்டேன். இந்த வழியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் தானாகக் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

தேர்வின் பெயர் ஏ.ஆர்.இ., அதாவது ஆர்க்கிடெக்ட் ரெஜிஸ்ட்ரேஷன் எக்ஸாமினேஷன். இப்போது நடப்பது 2016 நவம்பரில் வந்த ஐந்தாவது வடிவம். ஆறு தாள்கள். நிர்வாகம், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், கட்டுமானக் கண்காணிப்பு மூன்றும் ஒரு பக்கம். மனையும் தேவையும் பற்றிய ஆய்வு, திட்டமிடல், விரிவான வரைபடம் மூன்றும் இன்னொரு பக்கம். சின்னத் தாளுக்கு 65 கேள்வி, பெரிய தாள்களுக்கு 100 கேள்வி, நான்கு மணி நேரத்துக்கு மேல். நான் எழுதியபோது ஒரு தாளுக்கு 235 டாலர். ஆறையும் ஒரே தடவையில் பாஸ் பண்ணினால் 1,410 டாலர். தோற்றால் மறுபடி கட்ட வேண்டும். எங்கள் ஆபீஸில் ஒரு மூத்தவர், கம்ப்யூட்டருக்கு மாறுவதற்கு முன்னால் ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து கையால் ஒரு கட்டடத்தை வரைந்து கொடுத்தவர். அவர் சொன்னதைக் கேட்டபிறகு எனக்கு வந்தது சலுகை என்றே நினைத்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் எழுதுகிறோம். அதனால் இங்கே வரும் உதாரணங்கள் எல்லாம் என்னுடையவை. என்ன கேட்டார்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். இந்தத் தொழிலில் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, அது அந்த இடத்திலேயே ஆரம்பிக்கிறது.

2021-இல் ஆரம்பித்தேன். மகளுக்கு அப்போது ஒரு வயது. காலை நாலரைக்கு எழுந்தால் ஆறரை வரை வீடு அமைதியாக இருக்கும். அந்த இரண்டு மணி நேரம்தான் என் படிப்பு. சனிக்கிழமை மட்டும் என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவார், எனக்கு நாலு மணி நேரம் கிடைக்கும். டல்லாஸில் இருக்கும் கல்லூரி ஜூனியர், கோயம்புத்தூர்ப் பெண், ஞாயிறு இரவு வீடியோவில் வருவாள். ஒருத்தர் பாடம் எடுக்க வேண்டும், மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். தனியாகப் படிக்கும்போது புரிந்ததுபோல் இருந்தது எல்லாம் “ஏன் அக்கா அப்படி?” என்று அவள் கேட்கும்போது பல தடவை சரிந்து விழும்.

எனக்கு மிகவும் பயமாக இருந்தது ஒப்பந்தங்கள்தான். அமெரிக்க ஆர்க்கிடெக்ட் சங்கத்தின் மாதிரிப் படிவங்கள் இருக்கின்றன. உரிமையாளருக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் நடுவே பி101, உரிமையாளருக்கும் காண்ட்ராக்டருக்கும் நடுவே ஏ101, எல்லோரையும் கட்டிப்போடும் பொது நிபந்தனைகள் ஏ201. வக்கீல் பாஷை. மூன்று வாரம் அடிக்கோடு போட்டுப் போட்டுப் படித்தும் மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் ஒருநாள் அப்பாவின் நோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

அப்பா நாற்பது வருடம் கட்டட காண்ட்ராக்டர். ஒப்பந்தம் எல்லாம் வாய்ப்பேச்சு. வெற்றிலை பாக்கு மாற்றி அட்வான்ஸ் வாங்கினால் வேலை ஆரம்பம். கணக்குக்கு ஒரு நீள நோட்டு, அட்டையில் பிள்ளையார் சுழி. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு வீடு கட்டினார். பாதி வேலையில் வீட்டுக்காரர் வந்து, போர்ட்டிகோவை இன்னும் ஆறடி முன்னால் இழுக்கச் சொன்னார். அப்புறம் தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கச் சொன்னார். மாடியில் ஒரு ரூம் கூட்டச் சொன்னார். “முடியட்டும், கணக்குப் பாத்துக்கலாம்” என்றார். முடிந்தது. கணக்கு வந்தபோது, இதெல்லாம் முதலில் பேசியதிலேயே சேர்ந்ததுதானே என்றார். அப்பாவிடம் நோட்டு இருந்தது, ஆனால் அதில் அவருடைய கையெழுத்து மட்டும்தான் இருந்தது. அந்த வருஷம் அம்மாவின் நகை பேங்குக்குப் போனது.

ஏ201-இன் ஏழாவது பகுதி முழுக்க இதைப் பற்றித்தான். வேலையில் மாற்றம் வந்தால் மூன்று வழி. உரிமையாளர், காண்ட்ராக்டர், ஆர்க்கிடெக்ட் மூன்று பேரும் என்ன மாற்றம், எவ்வளவு பணம், எத்தனை நாள் என்று ஒத்துப்போய்க் கையெழுத்துப் போட்டால் அது சேஞ்ச் ஆர்டர். பணத்தில் ஒத்துவரவில்லை, ஆனால் வேலை நிற்கக் கூடாது என்றால், உரிமையாளரும் ஆர்க்கிடெக்டும் கையெழுத்துப் போட்டு உத்தரவு கொடுக்கலாம். காண்ட்ராக்டர் வேலையைத் தொடங்கிவிட வேண்டும், பணத்தைப் பிறகு தீர்த்துக்கொள்வார்கள். பணமும் நாளும் மாறாத சின்ன மாற்றம் என்றால் ஆர்க்கிடெக்ட் மட்டுமே எழுதிக் கொடுக்கலாம். எனக்கு இன்னும் காசு வர வேண்டும் என்று காண்ட்ராக்டர் கேட்பதென்றால், விஷயம் தெரியவந்து 21 நாளுக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.

மூன்று வாரமாக ஏறாதது ஒரே காலையில் ஏறியது. போர்ட்டிகோவுக்கு ஒரு சேஞ்ச் ஆர்டர், தொட்டிக்கு ஒன்று, மாடி ரூமுக்கு ஒன்று என்று அப்பாவின் வீட்டுக்கு நானே எழுதிப் பார்த்தேன். எத்தனை ரூபாய், எத்தனை நாள், யார் யார் கையெழுத்து. எழுதி முடித்தபோது அழுகை வந்துவிட்டது. மூன்று தாள் காகிதம். அம்மாவின் சங்கிலிக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் நடுவே மூன்று தாள் காகிதம் இருந்திருந்தால் போதும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு விதியையும் இப்படித்தான் படித்தேன். சாரம் எப்படிக் கட்டுவது, எந்த வரிசையில் கான்கிரீட் போடுவது என்பதெல்லாம் காண்ட்ராக்டரின் பொறுப்பு, ஆர்க்கிடெக்ட் அதில் கட்டளை போட முடியாது என்று ஒரு விதி. அப்பாவின் சாரத்தில் ஏறி நின்று, கம்பை மாற்றச் சொல்லும் ஒரு இன்ஜினியரை நினைத்துப் பார்த்தேன். கம்பு முறிந்தால் யார் பதில் சொல்வது? விதி அந்தக் கேள்விக்குத்தான் பதில். காண்ட்ராக்டர் பில் கொடுத்தால் ஆர்க்கிடெக்ட் ஏழு நாளுக்குள் சான்று கொடுக்க வேண்டும், இல்லை என்றால் காரணத்தை எழுத வேண்டும் என்று இன்னொன்று. சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் கூலிக்கு நிற்கும் சித்தாள்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த ஏழு நாள் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிர்வாகம், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், கட்டுமானக் கண்காணிப்பு மூன்றும் எட்டு மாதத்தில் முடிந்தன. ஆய்வுத் தாளும் முடிந்தது. ஐந்தாவதாக எழுதிய திட்டமிடல் தாளில் தோற்றேன்.

தேர்வு முடிந்ததுமே திரையில் தற்காலிக முடிவு தெரியும். பாஸ் ஆக வாய்ப்பில்லை என்று வந்தது. பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்துகொண்டு கணவருக்கு போன் பண்ணினேன். “சரி, வா. சாதம் வச்சிருக்கேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

தோற்ற தாளை மறுபடி எழுத 60 நாள் காத்திருக்க வேண்டும். ஒரே தாளைப் பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவைதான் எழுதலாம். முடிவு அறிக்கையில் எந்தப் பகுதியில் பலவீனம் என்று இருக்கும். எனக்குக் கட்டட அமைப்பு, பொருள்கள் பகுதியும் விதிகள் பகுதியும் அடி வாங்கியிருந்தன. நேர்மையாக யோசித்தேன். ஒப்பந்தத்தை அப்பா வழியாகப் படித்தவள், சுவரையும் படிக்கட்டையும் அட்டவணையாக மனப்பாடம் செய்திருந்தேன். அதுதான் தப்பு.

முதலில் சுவர். நமக்குச் சொல்லிக்கொடுத்தது வெளியிலிருந்து வரும் மழை, வெளியிலிருந்து வரும் வெயில். மொட்டை மாடியில் செங்கல் ஜல்லி போட்டு, மேலே தட்டோடு பதித்தால் கூரை ஆயிற்று. சிகாகோ குளிர்காலத்தில் ஈரம் உள்ளேயிருந்து வெளியே போகிறது. சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து வீட்டுக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். அது சுவருக்குள் புகுந்து வெளிப்பக்கத்துக் குளிர்ந்த பலகையைத் தொட்டதும் தண்ணீராகிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வேர்க்கும் என்று அம்மா சொல்வாளே, அதேதான், சுவருக்கு உள்ளே நடக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் மரம் ஊறி அழுகும். அதனால் ஈரம் தடுக்கும் படலம் சூடான பக்கத்தில், அதாவது உள்பக்கத்தில் வர வேண்டும். மயாமியில் ஏ.சி. ஓடும் கட்டடத்தில் இது தலைகீழ். புழுக்கமான காற்று வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அங்கே உள்சுவரில் வினைல் தாள் ஒட்டினால் அதற்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். சென்னைக்கும் மயாமி கணக்குதான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. ஒரு சுவரின் குறுக்குவெட்டைப் பெரிதாக வரைந்து, உள்ளே எத்தனை டிகிரி, வெளியே எத்தனை டிகிரி என்று எழுதி, ஒவ்வொரு அடுக்கிலும் டம்ளர் எங்கே வேர்க்கும் என்று தேடினேன். ஒரே படம். அந்தப் படத்துக்குப் பிறகு அட்டவணை தேவைப்படவில்லை. (இங்கே உறைபனி மண்ணுக்குள் இறங்குவதால் அஸ்திவாரம் 42 அங்குலம் கீழே போக வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். “ஒரு சாதா வீட்டுக்கு மூணரை அடியா!” என்று அன்று முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.)

அடுத்தது வெளியேறும் வழி.

கணக்காகப் பார்த்தால் எளிது. மேசை நாற்காலி போட்டுச் சாப்பிடும் ஒரு ஹால், 30 அடிக்கு 60 அடி என்று வையுங்கள். 1,800 சதுர அடி. ஆளுக்கு 15 சதுர அடி என்பது விதி. 120 பேர். 49 பேருக்கு மேல் போனால் இரண்டு வாசல் வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரே தீ இரண்டையும் அடைத்துவிடும். அதனால் ஹாலின் மூலைவிட்டத்தில் பாதி தூரமாவது விலகி இருக்க வேண்டும். இங்கே மூலைவிட்டம் 67 அடி, ஆகவே கிட்டத்தட்ட 34 அடி. தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். 50 பேரோ அதற்கு மேலோ பயன்படுத்தும் கதவு வெளியேறும் திசையில் திறக்க வேண்டும். தாழ்ப்பாளைத் தேடக் கூடாது, குறுக்கே இருக்கும் கம்பியை உடம்பால் தள்ளினாலே திறக்க வேண்டும்.

இந்த எண்களையெல்லாம் முதல் தடவையும் நான் அறிந்திருந்தேன். எங்கிருந்து வந்தன என்றுதான் தேடவில்லை. 1911-இல் நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் ஆலையில் தீ. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். 1942-இல் பாஸ்டனில் கோகனட் க்ரோவ் என்ற இரவு விடுதி. முன்வாசலில் சுழல் கதவு. கூட்டம் முட்டியதும் அது நின்றுவிட்டது. வேறு கதவுகள் பூட்டியிருந்தன அல்லது உள்பக்கமாகத் திறந்தன. உள்பக்கமாக இழுத்துத் திறக்கும் கதவின் மீது நூறு பேர் சாய்ந்தால் யாராலும் அதை இழுக்க முடியாது. 492 பேர்.

இதைப் படித்த காலையில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. எனக்கு இது பாஸ்டன் இல்லை, கும்பகோணம்.

2004 ஜூலை 16. நான் ஏழாம் வகுப்பு. மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம். வெள்ளிக்கிழமை. மதியத்துக்குமேல் டீச்சர்கள் தாழ்வாரத்தில் கூடிக் கூடிப் பேசினார்கள், வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்தது. ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ, கீற்றுக் கூரை, குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த மாதம் எங்கள் பள்ளியிலும் கீற்றுக் கொட்டகையைப் பிரித்தார்கள். பிரித்த ஆட்களில் அப்பாவும் ஒருவர், கூலி வாங்கவில்லை. பதினெட்டு வருடம் கழித்து, சிகாகோவில், காலை ஐந்து மணிக்கு, படிக்கட்டின் அகலத்தை ஆளுக்கு 0.3 அங்குலம் என்று ஏன் பெருக்குகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஓடி வரும் கால்கள் இருக்கின்றன.

அந்த 60 நாளில் எங்கே போனாலும் கதவுகளைத்தான் பார்த்தேன். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா ஒரு பள்ளி உணவுக்கூடத்தில் நடந்தது. மேடைக்குப் பக்கத்து வாசலில் மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நானும் அவரும் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினோம். பக்கத்தில் நின்ற மாமி, “யாராச்சும் பசங்க செய்வாங்க, நீ ஏம்மா புடவை கட்டிண்டு?” என்றார். அந்த வாசல் எதற்கு என்று சொன்னேன். அவரும் இரண்டு நாற்காலியைத் தூக்கினார்.

இரண்டாவது தடவை பாஸ். கடைசித் தாளான விரிவான வரைபடத் தாளும் அடுத்த மூன்று மாதத்தில் முடிந்தது. திட்டமிடலுக்குப் படித்ததில் பாதிக்கு மேல் அதற்கும் ஆகும், இரண்டையும் தள்ளித் தள்ளி எழுதாதீர்கள். இன்னொன்று. இடைவேளைக்கு எழுந்தால், அதுவரை பார்த்த கேள்விகளுக்குத் திரும்பப் போக முடியாது. சந்தேகமான கேள்விகளை முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்று வரும் கேள்வியில் ஒன்று தப்பினாலும் மதிப்பெண் இல்லை, பாதி மார்க் கிடையாது. ‘முதலில் என்ன செய்ய வேண்டும்’ என்று கேட்டால், அந்த ‘முதலில்’ என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு படியுங்கள். நாலு விடையும் சரியாக இருக்கும், ஒன்றுதான் முதலாவது.

லைசென்ஸ் வந்து, பெயர் பொறித்த முத்திரையும் வந்ததும் வெள்ளைத் தாளில் ஒரு தடவை குத்தி அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து போன் பண்ணினார். அறுபத்தெட்டு வயது, வேலையை விட்டாயிற்று, ஆனாலும் தெரிந்தவர் ஒருவர் தன் கல்யாண மண்டபத்தின் பந்தி ஹாலைப் புதுப்பிக்க யோசனை கேட்டிருக்கிறார். வாட்ஸாப்பில் ஆறு போட்டோ. “ஒரு பந்திக்கு இருநூறு பேர் உட்காருவாங்க. நீ பாத்துச் சொல்லு.”

“அப்பா, சமையல்கட்டு எந்தப் பக்கம்?”

“பின்னாடி. அதுக்குப் பக்கத்துலதான் ரெண்டாவது வாசல்.”

“அந்த வாசல் எதிர் மூலையில வரணும்பா. அப்புறம் கதவு எந்தப் பக்கம் திறக்குது?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. எழுந்து நடக்கும் சத்தம், யாரிடமோ ஏதோ கேட்கும் சத்தம்.

“உள்பக்கம்” என்றார்.

அடுத்த வாரம் ஒரு போட்டோ வந்தது. எதிர் மூலையில் சுவரை உடைத்து நிலை வைத்திருந்தார்கள், சிமெண்ட் இன்னும் ஈரம். தேக்குக் கதவு இரண்டும் வெளியே பார்த்துத் திறந்து கிடந்தன. கீழே அந்த நீள நோட்டின் ஒரு பக்கம்: வாசல் மாற்றிய வேலை, தொகை, எத்தனை நாள், மண்டபக்காரர் கையெழுத்து, ஆசாரி கையெழுத்து, அப்பாவின் கையெழுத்து.